ஆறு நாள், மூன்று பெரியவர்கள், ஒரு சிறுமி: சுவிஸ் ரயில் பாஸ் தெரிவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்டில் இலண்டனிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு ஆறு நாள் விடுமுறையில் சென்றுவந்த ஒரு குடும்பத்தின் பயணக் கணக்கை இங்கே முழுமையாக எடுத்துவைக்கிறேன். பயண ஏற்பாட்டை அவர்கள் என்னிடம் விட்டிருந்தார்கள். பயணம் முடிந்தபின் பயணச்சீட்டுகளையெல்லாம் வாங்கி, போவதற்கு முன் போட்ட கணக்கையும் உண்மையில் ஆன செலவையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கணக்கு ஓரிடத்தில் பிசகியிருந்தது, அதுவும் எங்கே பிசகும் என்று நான் நினைத்திருந்தேனோ அங்கே அல்ல. எழுதிவைக்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

சென்றவர்கள் நால்வர்: கணவன், மனைவி, பதினொரு வயது மகள், மனைவியின் தாயார். அந்த அம்மையாருக்கு வயது அறுபத்தேழு; சிறுமிக்கு அவர் அம்மம்மா என்பதால் இக்கட்டுரையிலும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன். முதல் நாள் சூரிக் விமான நிலையத்திலிருந்து லூசர்ன். இரண்டாம் நாள் ஏரியில் படகேறி ஃபிட்ஸ்னாவ் சென்று, அங்கிருந்து பற்சக்கர ரயிலில் ரிகி மலை. மூன்றாம் நாள் புரூனிக் கணவாய் வழியாக இன்டர்லாக்கன் சென்று, லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் அறை எடுத்துவிட்டு, பிற்பகலில் மியூரன். நான்காம் நாள் யுங்ஃபிராவ்யோக் என்ற உயர்மலை ரயில் நிலையம். ஐந்தாம் நாள் பெர்ன். ஆறாம் நாள் மீண்டும் சூரிக் விமான நிலையம். பெர்ன் நகரைச் சேர்த்ததற்குக் காரணம் அதன் மணிக்கூண்டு அன்று. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த பல தமிழ்க் குடும்பங்களைப் போல இவர்களுக்கும் அங்கே நெருங்கிய உறவு உண்டு. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்காவது போகாவிட்டால் அது வாழ்நாள் குறையாகிவிடும்.

அந்தப் பெர்ன் உறவினர்தான் முதல் ஆலோசனையையும் தந்தவர். "பாஸ் எல்லாம் வேண்டாம், ஹல்ப்டாக்ஸ் எடுங்கோ, காணும்" என்றார்; அரைக் கட்டண அட்டையைத்தான் அப்படிச் சொன்னார். இலண்டனில் ஏற்கெனவே போய்வந்த நண்பர்களோ, எல்லாவற்றையும் உள்ளடக்கிய சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் நிம்மதி என்றார்கள். இரு தரப்பினரும் தத்தம் அனுபவத்திலிருந்து பேசினார்களே தவிர, இந்தக் குடும்பம் எங்கெங்கே போகப்போகிறது என்று எவரும் கேட்கவில்லை. பெர்ன் உறவினர் அந்நாட்டில் வாழ்பவர். அங்குள்ளவர்களுக்கு அரைக் கட்டண அட்டை ஆண்டு முழுவதற்கும் உரியது. அதைச் சட்டைப்பையில் வைத்தபடியே பிறந்தவர்களைப் போல அவர்கள் பேசுவது இயல்பு. நண்பர்களோ நாளுக்கொரு ஊராகச் சுற்றியவர்கள்.

தெரிவுகள் என்னென்ன

சுவிஸ் டிராவல் பாஸ் அந்நாட்டிலும் லீக்டென்ஸ்டைனிலும் வாழாதவர்களுக்கு மட்டும் விற்கப்படுவது. தொடர்ச்சியாக 3, 4, 6, 8 அல்லது 15 நாட்களுக்கு ரயில், அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு, நகரப் போக்குவரத்து ஆகியவற்றில் வேறு சீட்டு வாங்காமல் போகலாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் நுழைவும் இதில் அடங்கும். 2024இல் இரண்டாம் வகுப்பில் இதன் விலை முறையே 244, 295, 379, 419, 459 பிராங்க். ஹாஃப் ஃபேர் கார்டு என்று ஆங்கிலத்திலும் ஹல்ப்டாக்ஸ் என்று ஜெர்மனிலும் வழங்கும் அரைக் கட்டண அட்டை, வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024இல் ஒரு மாதத்துக்கு 120 பிராங்காக இருந்தது; அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லாச் சீட்டுகளையும் பாதி விலைக்கு வாங்கலாம். இந்த விலைகள் அவ்வப்போது ஏறுபவை. ஆகவே இங்குள்ள எண்களை விட்டுவிட்டு, கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்றைய விலையை அதில் இட்டுப் பார்ப்பதே சரி.

மற்றவற்றை விரைவாகத் தள்ளிவிடலாம். இன்டர்ரெயில் பல நாடுகளுக்கிடையே பயணிப்பவர்களுக்குப் பொருந்தும். ஒரே நாட்டின் ஒரு மூலையில் ஆறு நாள் இருப்பவர்களுக்குப் பொருந்தாது, மலையேறும் சிறு ரயில்கள் பலவற்றில் அது தள்ளுபடிச் சீட்டாக மட்டுமே செல்லும். லூசர்ன் பகுதிக்கு டெல் பாஸ், இன்டர்லாக்கன் பகுதிக்கு பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ், யுங்ஃபிராவ் டிராவல் பாஸ் எனப் பகுதிப் பாஸ்கள் உண்டு. ஒரே பள்ளத்தாக்கில் தங்கி, தினமும் ஒரு மலை ஏறி இறங்குபவர்களுக்கு அவை மிக நல்லவை. இந்தக் குடும்பம் இரு பகுதிகளிலும் பாதிப் பாதி நாள் இருந்ததால் எந்தப் பகுதிப் பாஸும் தன் விலைக்குரிய வேலையைச் செய்திருக்காது. முதல் வகுப்பைப் பற்றிய பேச்சும் எழுந்தது. அங்கே இரண்டாம் வகுப்பின் கண்ணாடிச் சாளரமும் அதே அளவுதான் என்று சொல்லி அதை முடித்துவைத்தேன்.

ஆக, மீந்த போட்டி இரண்டுக்குத்தான்: ஆறு நாள் பாஸா, அரைக் கட்டண அட்டையா?

பாஸின் எல்லை எங்கே முடிகிறது

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்குமுன் சுவிஸ் ரயில்களின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியைத் தொடவேண்டியிருக்கிறது. "எல்லாவற்றையும் உள்ளடக்கிய" பாஸ் உண்மையில் எல்லாவற்றையும் ஏன் உள்ளடக்கவில்லை என்பது அங்கேதான் விளங்கும்.

சுவிட்சர்லாந்தின் பெரிய ரயில் பாதைகள் முதலில் தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தன. 1898இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் அவற்றை அரசுடைமையாக்குவதென்று முடிவாகி, 1902இல் கூட்டாட்சி ரயில்வே தொடங்கியது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தவை நகரங்களை இணைக்கும் முதன்மைப் பாதைகள்தாம். சுற்றுலாப் பயணிகளை நம்பி, தனித்தனி முதலீட்டாளர்களால் மலைமேல் கட்டப்பட்ட ரயில்கள் வெளியே நின்றுவிட்டன. நிக்லாவுஸ் ரிகன்பாக் 1871இல் திறந்த ஃபிட்ஸ்னாவ்–ரிகி பாதை ஐரோப்பாவின் முதல் மலை ரயில். நூறு மீட்டர் தொலைவுக்கு நாற்பத்தெட்டு மீட்டர் வரை உயரும் பிலாட்டுஸ் ரயில் 1889இல் வந்தது. அடால்ஃப் குயர் ஸெல்லர் என்ற தொழிலதிபர் 1896இல் ஐகர் மலையைக் குடையத் தொடங்கிய யுங்ஃபிராவ் ரயில், அவர் 1899இல் இறந்தபின்னும் தொடர்ந்து, 1912இல்தான் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள நிலையத்தை எட்டியது. பற்சக்கர ரயில் நமக்கு அந்நியமானதும் அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் ரயிலின் பற்சட்ட முறையை வகுத்த ரோமன் ஆப்ட், ரிகன்பாக்கிடம் பணியாற்றியவர்.

இந்த வரலாற்றின் எச்சம் இன்றைய பாஸ் வரைபடத்தில் அப்படியே தெரிகிறது. அதில் தடித்த கோடுகளாக இருப்பவை பாஸுக்குள் அடங்கும் பாதைகள். மலையுச்சியை நோக்கிச் செல்லும் புள்ளிக்கோடுகளுக்குத் தள்ளுபடி மட்டுமே. ரிகி, ஷ்டான்சர்ஹார்ன், ஷ்டோஸ் ஆகிய மூன்று மலைகள் முழுவதும் பாஸுக்குள் அடங்குகின்றன. பிலாட்டுஸ், டிட்லிஸ், கோர்னர்கிராட் போன்றவற்றில் பாஸுக்குப் பாதிக் கட்டணம். லௌட்டர்புருன்னனிலிருந்து வெங்கன் வரையும் மியூரன் வரையும் பாஸ் செல்லும். ஆனால் வெங்கனுக்கு மேலே யுங்ஃபிராவ்யோக் வரை பாஸுக்குக் கிடைப்பது 25 விழுக்காடு தள்ளுபடிதான்.

அதே பாதையில் அரைக் கட்டண அட்டைக்கு 50 விழுக்காடு தள்ளுபடி.

379 பிராங்க் கொடுத்து வாங்கிய பாஸைவிட, 120 பிராங்க் அட்டைக்கு அந்நாட்டின் மிக விலையுயர்ந்த ரயிலில் கூடுதல் சலுகை என்பதை முதன்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. அந்தக் குடும்பத் தலைவரும் நம்பவில்லை, இணையத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் தலையசைத்தார். ஆனால் அட்டையின் வயதைப் பார்த்தால் இது அவ்வளவு வியப்பன்று. அரைக் கட்டண அட்டை 1891 முதல் இருப்பது, அதாவது கூட்டாட்சி ரயில்வேயைவிட மூத்தது. 1987இல், காடுகள் பட்டுப்போகின்றன என்ற அச்சம் பரவியிருந்த காலத்தில், மக்களைக் காரிலிருந்து ரயிலுக்கு இழுப்பதற்காக அதன் ஆண்டு விலையை நூறு பிராங்காகக் குறைத்தார்கள். அதன்பின் அது மிகப் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளூர்க்காரர்களிடம் பாதிக் கட்டணம் வாங்குவதை மலை ரயில் நிறுவனம் எதுவும் எளிதில் மறுக்க முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் விற்கப்படும் பாஸ் வேறு கதை.

கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். கீழே தரும் கட்டணங்கள் 2024இன் இரண்டாம் வகுப்பு முழுக் கட்டணங்களை ஒட்டி, கணக்கின் வசதிக்காக வட்டமாக்கியவை. ஒரு பெரியவருக்கு உரியவை. விமான நிலையத்திலிருந்து லூசர்ன் 30 பிராங்க். ஃபிட்ஸ்னாவுக்குப் படகும் ரிகி ரயிலும் போகவர 120. லூசர்னிலிருந்து லௌட்டர்புருன்னன் 42. மியூரன் போகவர 23. லௌட்டர்புருன்னனிலிருந்து பெர்ன் போகவர 76. கடைசி நாள் லௌட்டர்புருன்னனிலிருந்து சூரிக் விமான நிலையம் 85. யுங்ஃபிராவ்யோக் நாளில் வெங்கன் வரை போகவர 14, வெங்கனுக்கு மேலே போகவர 210. மொத்தம் 600 பிராங்க்.

அரைக் கட்டண அட்டையோடு: 300உடன் அட்டையின் விலை 120 சேர்த்து 420. ஆறு நாள் பாஸோடு: 379உடன் யுங்ஃபிராவ்யோக்கின் முக்கால் கட்டணம் 157.50 சேர்த்து 536.50. கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கு 116.50 பிராங்க் வேறுபாடு.

அம்மம்மாவின் கணக்கு வேறு. மூவாயிரத்து நானூறு மீட்டரில் காற்று மெலிந்திருக்கும், தலைச்சுற்றலும் மூச்சிரைப்பும் வரக்கூடும் என்பதால், அவர் மேலே வருவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த இரு அட்டைகளிலும் முதியோருக்கென்று தனிச் சலுகையும் கிடையாது. அவருடைய பயணங்களின் முழுக் கட்டணம் 376. பாஸ் எடுத்தால் 379. ஒவ்வொரு முறையும் முழு விலைக்குச் சீட்டு வாங்கினால் ஆவதைவிட மூன்று பிராங்க் கூடுதல். அரைக் கட்டண அட்டையோடு 308.

சிறுமிக்கு இரு வழியிலும் செலவு ஒன்றே. பாஸ் எடுத்தாலும் அட்டை எடுத்தாலும், கேட்டால் இலவசமாகத் தரும் குடும்ப அட்டையால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு கட்டணமின்றிப் போகலாம். கேட்டால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாங்கும்போது பிள்ளையின் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, ரயிலில் பரிசோதகர் வந்தபின் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இன்னொன்று, பெற்றோரில் ஒருவராவது உடன் வரவேண்டும். பாட்டியோடு பேத்தி தனியாகப் போனால் இந்த அட்டை செல்லாது, அரைக் கட்டணச் சீட்டு வாங்கவேண்டும். தாத்தா பாட்டியே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் குடும்பங்களில் இது கண்ணில் படாமல் போகும் விதி.

ஆக, மூன்று பெரியவர்களுக்கும் பாஸ் வழியில் 1,452 பிராங்க், அட்டை வழியில் 1,148. தாளில் வேறுபாடு 304 பிராங்க்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலிலிருந்து போடவேண்டியதில்லை. பாஸுக்குள் முழுவதும் அடங்கும் பயணங்களின் முழுக் கட்டணத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். பாஸின் விலையிலிருந்து அட்டையின் விலையை (2024இல் 120) கழித்து, வருவதை இரட்டிப்பாக்குங்கள். கூட்டிய தொகை இதைத் தாண்டினால் பாஸ், தாண்டாவிட்டால் அட்டை. 2024 விலையில் மூன்று நாள் பாஸுக்கு இந்த எல்லை 248 பிராங்க். நான்கு நாளுக்கு 350. ஆறு நாளுக்கு 518. எட்டு நாளுக்கு 598. பதினைந்து நாளுக்கு 678. நாள் கணக்கில் பார்த்தால் குறுகிய பயணங்களில் நாளொன்றுக்கு எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடைப்பட்ட தொகைக்கு ரயிலில் ஓடவேண்டும். பதினைந்து நாளில் அதுவே நாற்பத்தைந்தாக இறங்கிவிடுகிறது. இரு அட்டைக்கும் சமமாகப் பாதிக் கட்டணம் வாங்கும் பிலாட்டுஸ் போன்ற மலைகளைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அவை எந்தப் பக்கமும் சாயாதவை. யுங்ஃபிராவ்யோக் போவதென்றால் மட்டும் எல்லையை இன்னும் நூறு பிராங்கு அளவுக்கு மேலே தள்ளிவையுங்கள். நம் குடும்பத்தின் கூட்டுத்தொகை, அந்த மலையை விட்டுவிட்டுப் பார்த்தால், 390தான். 518க்கு அருகில்கூட வரவில்லை. பயணத்தின் நடு நாட்களில் அவர்கள் ஓடிய ஓட்டம் மிகக் குறைவு. அழகான இடத்தில் தங்கிவிட்டால் அப்படித்தான்.

இலண்டன் நண்பர்களின் பயணத்தை இதே அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். சூரிக்கிலிருந்து செயின்ட் மோரிட்ஸ், அங்கிருந்து எட்டு மணி நேரம் ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸில் ஸெர்மாட், பின் மோன்ட்ரூ, பின் சூரிக் என்று நான்கு நாளில் நாட்டையே சுற்றியிருக்கிறார்கள். செயின்ட் மோரிட்ஸ்–ஸெர்மாட் கட்டணம் மட்டுமே 150 பிராங்கைத் தாண்டும். மொத்தம் 380ஐத் தாண்டுகிறது. நான்கு நாள் பாஸின் எல்லை 350 என்பதால், அவர்களுக்குப் பாஸ்தான் சரி. கிளேசியர் எக்ஸ்பிரஸில் இருக்கை முன்பதிவுக்குப் பாஸ் வைத்திருப்பவர்களும் தனியே பணம் கட்டவேண்டும் என்பதையும், அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயில்களில் மாறி மாறிப் போனால் அந்தச் செலவு இல்லை என்பதையும் அவர்கள் போய்வந்தபின்தான் அறிந்தார்கள்.

ஒருநாள் பாஸ்: நான் செய்த பிழை

கணக்கு இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அரைக் கட்டண அட்டையோடு சேர்த்து வாங்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது. சேவர் டே பாஸ் என்ற ஒருநாள் பாஸ், பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விற்பனைக்கு வரும். அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2024இல் அது 29 பிராங்கிலிருந்து தொடங்கியது, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அன்று முழுவதும் நாட்டின் பெரும்பாலான ரயில்களிலும் படகுகளிலும் ஏறலாம். குறித்த தேதிக்கு மட்டும் செல்லும், பணம் திரும்பாது.

நீண்ட தொலைவு செல்லும் இரு நாட்களுக்கு இதை வாங்கலாம் என்று நான் சொன்னேன். கடைசி நாள் சூரிக் போக அரைக் கட்டணம் 42.50, அதற்குப் பதில் 29. ஐந்தாம் நாள் பெர்ன் போகவர அரைக் கட்டணம் 38. அதற்குப் பதிலும் 29. ஏப்ரலிலேயே, குறைந்த விலை இருந்தபோதே, மூவருக்கும் இரண்டிரண்டு வாங்கியாயிற்று.

நான்காம் நாளுக்கு முந்திய மாலை, மலையுச்சி கேமராக்களில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மறுநாளும் மேகம், அதற்கடுத்த நாள் தெளிவு என்று வானிலை முன்னறிவிப்பு சொன்னது. 210 பிராங்க் மலைக்குப் போய்ப் பனிமூட்டத்தின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவதில் பொருளில்லை. நாட்களை மாற்றினார்கள்: நான்காம் நாள் பெர்ன், ஐந்தாம் நாள் யுங்ஃபிராவ்யோக். சரியான முடிவு. ஐந்தாம் நாள் காலை ஆலெட்ஷ் பனியாறு முழுவதும் வெயிலில் கிடந்ததாம், படங்களைப் பார்த்தேன்.

ஆனால் பெர்ன் போவதற்கென்று வாங்கிய ஒருநாள் பாஸ்கள் ஐந்தாம் நாளுக்கு உரியவை. நான்காம் நாள் பெர்ன் போக மூவருக்கும் மீண்டும் 38 வீதம் 114 பிராங்க் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளின் பாஸ், யுங்ஃபிராவ்யோக் போன இருவருக்கும் வெங்கன் வரைதான் பயன்பட்டது. அரைக் கட்டணத்தில் ஆளுக்கு ஏழு பிராங்க் பெறுமதி. அதற்கு மேலே அது பேசாது.

இதில் என்னுடைய தவறு என்ன என்பதை எண்களிலேயே சொல்லலாம். பெர்ன் நாளில் ஒருநாள் பாஸால் மிச்சமாகக்கூடியது ஆளுக்கு ஒன்பது பிராங்க், மூவருக்கும் 27. அந்த 27ஐ நோக்கி, திரும்பாத 87 பிராங்கை முன்கூட்டியே வைத்தேன். அதையும் ஆல்ப்ஸின் ஆகஸ்ட் வானிலையை நம்பி வைத்தேன். கடைசி நாளின் நிலை வேறு. விமானம் என்று புறப்படுகிறதோ அன்றே சூரிக் போகவேண்டும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்தத் தேதி நகராது. ஒருநாள் பாஸை வாங்கத் தகுந்த நாள் அது ஒன்றுதான். அன்று ஆளுக்கு 13.50 வீதம் மூவருக்கும் 40.50 மிச்சமானது. குறித்த ரயிலுக்கு மட்டும் செல்லும் சலுகைச் சீட்டுகளைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். 1982 முதல் மணிக்கொரு ரயில் என்று ஒழுங்குபடுத்தப்பட்ட நாட்டில், ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்பதே பெரிய வசதி; அதைச் சில பிராங்குகளுக்கு விற்றுவிட்டு நிலையத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவது எனக்கு உவப்பானதன்று.

உண்மையில் ஆன செலவு இதுதான்: அட்டை வழியில் திட்டமிட்ட 1,148உடன் ஐந்தாம் நாள் பாஸ்களுக்கான 87ஐக் கூட்டி, வெங்கன் வரை மிச்சமான 14ஐயும் கடைசி நாள் மிச்சமான 40.50ஐயும் கழித்தால் 1,180.50 பிராங்க். சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்திருந்தால் ஆகியிருக்கும் 1,452ஐவிட இது 271.50 குறைவு. என் பிழையையும் சேர்த்துக்கொண்டே அரைக் கட்டண அட்டை வென்றது.

மறுபக்கம்

பாஸின் பக்கம் நிற்பவர்கள் ஒரு நியாயமான வாதத்தை வைப்பார்கள். நாட்களை மாற்றியபோது பாஸ் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பிராங்க்கூட இழப்பு வந்திருக்காது, சீட்டு இயந்திரத்தின் முன் நிற்கும் வேலையும் இல்லை. உண்மைதான். ஆனால் மழையைப் பற்றிய வாதம் இரு பக்கமும் வெட்டும். இரண்டு நாளும் மேகம் விலகாமல் யுங்ஃபிராவ்யோக்கை முற்றாகக் கைவிட்டிருந்தால், அட்டை வழியில் ஒவ்வொருவருக்கும் செலவு 308ஆக இறங்கியிருக்கும். பாஸ் எடுத்தவர்களுக்கு 379 முதலிலேயே போய்விட்டது. மழை வந்து அறையிலேயே இருந்துவிட்டால் அட்டைக்காரர் செலவழிக்காதவர், பாஸ்காரர் இழந்தவர். ஆல்ப்ஸ் போன்ற இடத்துக்கு, அதுவும் ஆறே நாள் போகும்போது, போகாத பயணத்துக்குப் பணம் கட்டாமல் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. நான் போட்ட முதல் கணக்கில் அது வரவில்லை. அடுத்த முறை அதைத்தான் முதலில் எழுதுவேன்.

அருங்காட்சியகங்களையும் பாஸின் பக்கம் வைக்கலாம். மூன்று நான்கு இடங்களுக்குப் போகும் குடும்பத்துக்கு அது கணிசமான தொகை. இவர்கள் ஒன்றுக்கும் போகவில்லை; பெர்ன் நாளின் பெரும்பகுதி சாப்பாட்டு மேசையிலேயே கழிந்தது. நகரப் பேருந்துக்கும் பாஸ் தேவைப்படவில்லை. லூசர்னிலும் இன்டர்லாக்கன் பகுதியிலும் விடுதியில் தங்குபவர்களுக்குத் தரும் விருந்தினர் அட்டையே உள்ளூர்ப் பேருந்துக்குப் போதும்.

ஆனால் பாஸ்காரர்களின் இன்னொரு வாதத்துக்கு என்னிடம் முழு மறுமொழி இல்லை. கையில் பணம் கட்டிய சீட்டு இருந்தால் மனிதர் வெளியே போவார், ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கவேண்டியிருந்தால் யோசிப்பார் என்பார்கள். ஐந்தாம் நாள் அதுதான் நடந்தது. மகளும் மருமகனும் பேத்தியும் மேலே போனபின் அம்மம்மா அறையில் இருந்து புத்தகம் வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. பெர்ன் போக வாங்கிய ஒருநாள் பாஸ் ஒன்று அவர் பெயரிலும் வீணே கிடந்தது. அதை ஏன் விடவேண்டும் என்று காலை ஒன்பது மணிக்குமேல் தனியாக இன்டர்லாக்கனுக்கு ரயிலேறி, அங்கே துறையில் நின்ற படகில் ஏறி, ஏரியின் முழு நீளமும் பிரியன்ஸ் வரை போயிருக்கிறார். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். வழியில் கீஸ்பாக் அருவியருகே படகு நின்றதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பின் ரயிலில் திரும்பி வந்து, மற்றவர்கள் மலையிலிருந்து இறங்குமுன் தேநீரும் போட்டுவைத்துவிட்டார். பாஸ் இல்லாவிட்டால் அந்தப் படகுக்கு அரைக் கட்டணச் சீட்டு வாங்கிப் போயிருப்பீர்களா என்று கேட்டேன். "போயிருக்க மாட்டன்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்த 29 பிராங்கை நான் இழப்புப் பத்தியில்தான் எழுதியிருந்தேன்.